தப்பாகக் குறி சொல்கிறவள்

மரியதாஸுக்கு வாய் சும்மா இருக்காது. காப்பி எஸ்டேட்டில் பழத்தின் தோலுரிக்கும் பல்பர் வீட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காட்டில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், பக்கத்தில் இருப்பது ஆளா மூட்டையா என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்துவிடுவார்.

"என்ற புள்ள மெட்ராசுல மனசு வைத்தியம் படிச்சுட்டு வந்துருக்குதுங்க. வயித்துக்கு டாக்டர் இருக்கறாங்க, பல்லுக்கு இருக்கறாங்க. மனசுக்கு இந்த மலையில என்ற புள்ள ஒருத்திதான்."

"டாக்டர் இல்லீங்கப்பா, ஆலோசகர்" என்று ஆரோக்கியசெல்வி திருத்தாத நாளில்லை. அந்தத் திருத்தம் அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் மறந்து போகும்.

எண்பத்து நாலாம் வருடம் கன்னியர் மடத்து மருந்தகத்தில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அதுவரை பால் பவுடர் டின்கள் அடுக்கியிருந்த அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னல். மூடுபனி அது வழியாகத் தாராளமாக உள்ளே வந்து போகும். வாசலில் 'மனநல ஆலோசனை' என்று பலகை. தினமும் காலையில் அந்தப் பலகையை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் செல்வி உள்ளே போவாள். எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, மடத்துப் பள்ளியில் இலவசச் சாப்பாடு சாப்பிட்டு மெட்ராஸ் வரை போய் வந்தவள். கொஞ்சம் கர்வம் இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நட்டம்?

ஆனால் பலகைக்காக அவள் அந்தப் படிப்புக்குப் போகவில்லை. அமலி அத்தைக்காகப் போனாள்.

அமலி, மரியதாஸின் தங்கை. ஒரு மழைக்காலத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். பேய் என்றார்கள், செய்வினை என்றார்கள், திமிர் என்றும் சொன்னார்கள். உனக்கு என்னம்மா என்று அவளிடம் கேட்டவர் மட்டும் ஒருவருமில்லை. கடைசியில் மரியதாஸ்தான் அவளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், கீழே சமவெளியில் பைத்தியங்களை மரத்தில் சங்கிலி போட்டு வைக்கும் ஓர் இடத்தில் விட்டுவிட்டு வந்தார். கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த அத்தைக்குச் சிறுமி செல்வி கையாட்டினாள். அத்தை திரும்பக் கையாட்டவில்லை. அடிவாரம் தாண்டிப் போனவள் மறுபடி மலை ஏறவும் இல்லை. செத்துப்போன செய்திதான் ஏறி வந்தது. அதற்குப் பிறகு, ஊர் முழுக்கப் பேசுகிற மனிதர் அந்தப் பெயரை மட்டும் வாயில் எடுத்ததே கிடையாது.

மெட்ராஸில் செல்விக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது: எதிரே இருப்பவர் பேசும்வரை காத்திரு, அவர் வாயில் உன் வார்த்தையைத் திணிக்காதே. அந்தப் பாடத்தைக் கேட்ட அன்று அவளுக்கு அழுகை வந்தது. அத்தைக்கு இப்படிக் காத்திருக்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதுமே என்று நினைத்துக்கொண்டாள்.

சரி, காத்திருந்தாள். மலை அவளைவிட அதிகமாகக் காத்திருந்தது.

முதலில் வந்தவர் கரடியூர்ச் சின்னன். மலைக்காட்டில் ராகியும் ஆரஞ்சும் போட்டிருக்கும் விவசாயி. தூக்கமில்லை என்று மருந்தகத்து மதர் அனுப்பி வைத்திருந்தார். உள்ளே வந்தார், மேசைமேல் வெற்றிலையும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார், உட்கார்ந்தார். செல்வி சிரித்தாள். அவரும் சிரித்தார். செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் செல்வியின் முகத்தையே பார்த்தார். வெளியே ஒரு பஸ் வந்து நின்று புறப்பட்டுப் போனது. இன்னொன்றும் வந்து போனது. ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் சின்னன் எழுந்து, எலுமிச்சம்பழத்தை மட்டும் திரும்ப எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. வருவார்கள், உட்காருவார்கள், வாயைக் கட்டிக்கொண்டு அவளையே பார்ப்பார்கள், முகம் சுளித்துக்கொண்டு போவார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அறையும் காலியாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் மரியதாஸ் வீட்டுக்கு வந்து, தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கப்பா?"

"பஸ்ஸுல பேசிக்கறாங்க கண்ணு. மரியதாசு புள்ளைக்கு ஒண்ணுந் தெரியலையாமா. போனாப் பேந்தப் பேந்த முழிக்குதாமா."

செல்விக்கு முகம் எரிந்தது. படித்த படிப்பெல்லாம் ஒரு பஸ்ஸுக்குள் கப்பலேறிவிட்டது. அவள் அன்று சாப்பிடவில்லை.

காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கிய நாளில் சின்னன் மறுபடி அந்த அறைக்குள் வந்தார். வைத்தியத்துக்கு அல்ல, மழைக்கு ஒதுங்க. கால் புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர், தாழ்வாரத்தில் சாரல் அடிக்கிறது என்று உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழையபடி வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். செல்விக்குப் பசி வேறு. பொறுமை எங்கேயோ அறுந்தது. மெட்ராஸ் பாடம் மொத்தத்தையும் காற்றில் விட்டுவிட்டு வெடுக்கென்று கேட்டாள்:

"ஏனுங்க, ஊட்டுல பொண்டாட்டியோட சண்டைங்களா?"

சின்னன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆரு சொன்னது? அவளப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லப்படாது அம்மணி. கலியாணமாகி வந்த நாள்லருந்து ஒரு நாள் மொகஞ் சுளிச்சதில்ல. சண்டையெல்லாம் என்ற தம்பியோடதான். ஆரஞ்சு மரம் பட்டுப்போச்சுன்னு வெட்டிப்போட்டான். எங்கய்யன் வெச்ச மரம். என்னய ஒரு வார்த்த கேக்கல..."

மடை திறந்துகொண்டது. மரத்தில் ஆரம்பித்து அய்யனுக்குப் போய், அய்யன் சாகும்போது பக்கத்தில் தான் இல்லாமல் போனதற்கு வந்து, அங்கே கொஞ்சம் அழுது, மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். செல்வி அதற்குள் சுதாரித்துக்கொண்டு வாயைப் பூட்டிவிட்டாள். மழை விட்டும் சின்னன் விடவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

"நீ சொன்னது ஒண்ணுகூடச் செரியில்ல அம்மணி. ஆனா நெஞ்சு நொம்ப லேசா இருக்குது."

"அன்னிக்கு வந்தப்ப ஏனுங்க ஒண்ணுமே சொல்லல?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "குறி கேக்க வந்தவன் வாயத் தொறக்கலாமா? வந்த காரியத்த நானே சொல்லிப்போட்டா, பொறவு நீ எதுக்கு?"

செல்வி நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். பிறகு தனியாகச் சிரித்தாள். மலை முழுக்கத் தெரிந்த விஷயம்தான். குறிகாரன் வீட்டுக்குப் போனால் வெற்றிலையும் பழமும் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வந்தவன் மனதில் இருப்பதைக் குறிகாரன் சொன்னால்தான் அவன் குறிகாரன். மலை விவசாயிகள் நேராகப் போவார்கள், மாதா கோயில் ஜெபமாலைக்காரர்கள் பொழுது சாய்ந்த பிறகு சுற்றுவழியில் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது மறந்து போயிருந்தது. அவர்கள் அவளைக் குறிகாரி என்று நினைத்துக் காத்திருந்தார்கள். அவள் பாடத்தை நம்பிக் காத்திருந்தாள். இப்படி இரண்டு பக்கமும் காத்திருந்தால் விடிந்த மாதிரிதான்.

அன்றிலிருந்து அவள் வழி வேறாயிற்று. "எனக்குக் குறியெல்லாம் தெரியாதுங்க" என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள். அவர்கள் நம்பமாட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தலையாட்டிவிட்டு உட்காருவார்கள். அப்போது வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்வாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து நிம்மதியாக இருப்பவளிடம், பெண்ணுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லையா என்பாள். வந்தவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும், திருத்துவாள், திருத்திக்கொண்டே உண்மைக்கு வந்து சேருவாள். ஆள் தப்பைச் சகிப்பான், தன்னைப் பற்றிய தப்பைச் சகிக்கமாட்டான். தப்பு சின்னதாக இருக்க வேண்டும், சுருக்கென்று குத்தக்கூடாது, சாவைப் பற்றி ஒருபோதும் இருக்கக்கூடாது என்று தனக்குத்தானே வரம்பு வைத்துக்கொண்டாள். சொல்லிவிட்டு வாயை மூடிவிட வேண்டும். அந்த இடத்தில் மெட்ராஸ் பாடம் கைகொடுத்தது. மாத்திரை வேண்டியவர்களைச் சேலத்து டாக்டரிடம் சீட்டு கொடுத்து அனுப்பினாள்.

கரடியூர், கொட்டச்சேடு எல்லாம் பேச்சுப் பரவியது. "அந்த அம்மணி சொல்றது ஒண்ணும் பலிக்காது. ஆனா போயிட்டு வா, நல்லாருக்கும்." மறுபடியும் நாற்காலி காலியில்லை. மரியதாஸ் மட்டும் சமாதானமாகவில்லை. "தப்பாச் சொல்றியாமே கண்ணு. செரியாத்தான் ஒண்ணு சொன்னா என்ன? மெட்ராசுல சொல்லித் தரலையா?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

காப்பிப் பறிப்பு முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை, கொட்டச்சேட்டுச் சித்தன் தன் மனைவி வெள்ளையம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். கூடவே அவன் அம்மா அத்தாயி. வெள்ளையம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்தாள். வாய் பேசி இரண்டு மாதமாகிறது என்றான் சித்தன்.

"கொழந்த ஒண்ணு போயிருச்சுங்க. காச்சல். அதுலருந்து இப்பிடி."

"குலம் வெளங்க ஒண்ணு பொறந்துது, அதையுந் தூக்கிக் குடுத்தாச்சு" என்று அத்தாயி மாரில் அடித்துக்கொண்டாள்.

சித்தன் குரலைத் தாழ்த்தினான். "ஊட்டுல நாங்க ஆரும் அதப் பத்திப் பேசறதில்லீங்க. தூளிச் சேலையக்கூடக் குடுத்துட்டோம். பேசுனா இவளுக்கு இன்னும் சாஸ்தியாயிரும். திங்கக்கெழம பஸ்ஸுல கீழ கூட்டிட்டுப் போறமுங்க. அங்க ஒரு எடத்துல கட்டி வெச்சுப் பாப்பாங்களாமா. மதர்தான் அதுக்கு முந்தி உங்களப் பாக்கச் சொன்னாங்க."

கட்டி வைத்து என்ற சொல்லைக் கேட்டதும் செல்வி தன் நாற்காலியை வெள்ளையம்மாளுக்கு அருகில் இழுத்துப் போட்டாள். நீலச் சேலையும் கடைசி சீட்டும் கண்முன் வந்தன. "திங்கக்கெழம வரைக்கும் தெனமும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை செல்வி தன் கைவரிசை அத்தனையும் காட்டினாள். பல் வலியா என்றாள். மாமியார் சோறு போடுவதில்லையா என்றாள். வெளியே இருந்த அத்தாயிக்குத்தான் கோபம் வந்தது. சனிக்கிழமை, புருஷன் குடிக்கிறானா என்றாள், பிறந்த வீட்டுக்குப் போக ஆசையா என்றாள். வெள்ளையம்மாள் ஜன்னலில் நுழையும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகூட அசையவில்லை. அன்று ராத்திரி செல்வி, திங்கள்கிழமை காலை அந்தப் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டால் என்ன என்றுகூட யோசித்தாள். அமலி அத்தையை விட்டது போல இவளையும் விட்டுவிட்டால், அந்தப் பலகையைத் துடைத்து என்ன பயன்?

ஞாயிறு பூசை முடிந்து வந்து அறையைத் திறந்தாள். சித்தன் மனைவியை உட்கார வைத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். அத்தாயி நாளைப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்ட வீட்டிலேயே தங்கிவிட்டாள். அன்று செல்வியின் கையில் எந்தத் தப்பும் மிச்சமில்லை. இரண்டு டம்ளர் சூடான காப்பி கொண்டுவந்து, ஒன்றை வெள்ளையம்மாளின் கையில் வைத்து மூடினாள். தானும் குடித்தாள். வெகுநேரம் கழித்து, தொழில், பாடம், வரம்பு எல்லாம் மறந்து, தோற்றுப்போன மனுஷியாகச் சொன்னாள்:

"பையனப் பறிகொடுத்தவங்ககிட்ட நான் என்னத்தங்க சொல்றது?"

வெள்ளையம்மாளின் டம்ளர் சாய்ந்தது. காப்பி மடியில் சிந்தியது. அவள் செல்வியை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பையனில்ல."

நாள்பட்டுத் திறக்கிற கதவு போலக் கரகரத்தது குரல்.

"பொண்ணு. பொன்னாயி."

செல்விக்கு உயிரே போய்விட்டது. குலம் விளங்க என்று அத்தாயி சொன்னதைக் கேட்டுப் பையன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். இது வேண்டுமென்று சொன்ன தப்பு இல்லை, நிஜமான தப்பு. அதுவும் எதைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தாளோ அதைப் பற்றி. மன்னித்துவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான வேலை அப்போது அப்படிச் சும்மா இருந்ததுதான்.

"பொன்னாயிக்குச் சுருட்ட முடி" என்றாள் வெள்ளையம்மாள். "செவந்த காப்பிப் பழத்த வாயில போட்டுச் சப்பும். இனிக்குமில்லீங்க, அதுக்கு. துப்பச் சொன்னாச் சிரிக்கும். அன்னிக்குக் காலையில தூளியில போடறப்ப ஒடம்பு சுட்டுதுங்க. எனக்குத் தெரியுமுங்க. சுட்டுது. வெயிலு பட்டாச் செரியாப்போயிரும்னு போட்டுட்டுப் பறிக்கப் போயிட்டனுங்க. ஆருக்குந் தெரியாது. காச்சல் மத்தியானந்தான் வந்துதுன்னு எல்லாரும் நெனச்சுட்டிருக்கறாங்க. எனக்குக் காலையிலயே தெரியுமுங்க."

வாசற்படியில் சித்தன் எழுந்து நின்றிருந்தான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நானுந் தொட்டுப் பாத்தன் புள்ள" என்றான். "காலையில. எனக்குஞ் சுட்டுது. நானுஞ் சொல்லல."

வெள்ளையம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு அழுதாளே ஒரு அழுகை, மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் தாழ்வாரத்தில் கூடிவிட்டார்கள். சித்தன் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். செல்வி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, பொன்னாயிக்கு யார் சாடை என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவர்கள் இருவருக்கும் மத்தியானம் வரை ஆயிற்று. மூக்கு மட்டும் அத்தாயி சாடை என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

புறப்படும்போது வெள்ளையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சித்தனிடம் புகார் சொல்கிற குரலில் சொன்னாள்:

"இந்த அம்மணிக்கு ஒண்ணுந் தெரியலீங்க. பையனாங்குது. எல்லாத்தையும் நானேதான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

மெட்ராஸில் பட்டம் வாங்கிய அன்றுகூடச் செல்விக்கு அவ்வளவு பெருமையாக இல்லை. "ஆமாங்க, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நாளைக்கும் வந்து சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போனபோது மரியதாஸ் கொல்லையில் காப்பிக் கொட்டை காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். திங்கள்கிழமைப் பஸ் சங்கதி அவர் காதுக்கும் வந்திருந்தது. கேட்கப் பயந்துகொண்டு மூன்று நாளாகக் கேட்காமலே இருந்தார்.

"அப்பா, கொட்டச்சேட்டு வெள்ளையம்மாளும் சொல்லிட்டாங்க, எனக்கு ஒண்ணுந் தெரியலையாமா."

அவர் முகம் வாடியது. "அவளுமா சொல்லிட்டா?" என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். "அவளா? அவ சொன்னாளா? வாயத் தொறந்து சொன்னாளா?"

"ஆமாங்கப்பா. நாளைக்கு அவங்க பஸ் ஏறல."

மரியதாஸ் கையில் இருந்த கிளறு பலகையைக் கீழே வைத்தார். அப்படியே களத்து ஓரத்தில் உட்கார்ந்தார். பேச்சே வராமல் அவரைச் செல்வி பார்த்தது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டையைக் கையால் பரப்பிக்கொண்டே, ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டாள்:

"அமலி அத்தைக்குப் பாட்டுச் சுத்தமா வராதில்லீங்கப்பா?"

"ஆரு சொன்னது?" மரியதாஸின் குரல் எகிறியது. "கோயில்ல அவ எடுத்தாத்தான் மத்தவங்க பாடுவாங்க. எங்க அமலிக்குப் பாட்டு வராதா? உனக்கு என்ன தெரியும்..."

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். மகளைப் பார்த்தார். அவள் செய்தது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவர் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னார், சொல்லிக்கொண்டே அழுதார். பனி இறங்கிக் கொட்டையெல்லாம் ஈரமானது. அவர்கள் இருவரும் அதை அள்ளவில்லை.

மறுநாள் காலைப் பஸ்ஸில் சித்தனும் வெள்ளையம்மாளும் இல்லை. மரியதாஸ் இருந்தார். சேலத்தில் ஒரு வேலையும் இல்லாமலே ஏறி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்:

"என்ற புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."